சம்மதம் என்று யார் டிக் போட்டது?

போன சனிக்கிழமை ஹட்டனில் சித்தி வீட்டுக்குப் போனால், நனைந்த குடையை மடக்கக்கூட விடவில்லை, "மகன், என் இன்டர்நெட்ட யாரோ மாத்திப்புட்டாங்க, வந்து பாருங்க" என்று லெப்டொப்பை நீட்டினார்.

விஷயம் இதுதான். வைரஸைத் தடுக்கும் வைரஸ் கார்ட் ஒன்று (பெயர் வேண்டாம்) அப்டேட் கேட்டிருக்கிறது, சித்தியும் அமுக்கியிருக்கிறார். கூடவே ஒரு புது பிரவுசரும் இறங்கி, எந்த லிங்கைத் தட்டினாலும் நான்தான் திறப்பேன் என்று உட்கார்ந்துவிட்டது. சேமித்து வைத்த பாஸ்வேர்ட் எதுவும் அதில் இல்லை. டோங்கலில் போட்ட டேட்டாவும் காலி. சித்தி தோட்டப் பாடசாலை டீச்சர், பிள்ளைகளின் புள்ளிகளை அன்றிரவே அனுப்ப வேண்டும், அந்த அவசரம் வேறு.

அதே அப்டேட்டை என் மெஷினில் ஓட விட்டுப் பார்த்தேன். நடுவில் பெரிய பச்சை பட்டன். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் சித்திக்குத் தெரியாத சாம்பல் நிற எழுத்தில், புது பிரவுசரை இறக்கவும் லிங்கெல்லாம் அதிலேயே திறக்கவும் இரண்டு பெட்டி, இரண்டிலும் முன்கூட்டியே டிக். கேட்டால், சம்மதித்தீர்களே என்பார்கள்!

தோட்டத்துச் சம்பளத் துண்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது பழகின வித்தைதான். சந்தா, கோயில், டோபி என்று வரிசையாகக் கழித்திருக்கும். இதை யார் வெட்டச் சொன்னது என்று பாட்டி ஒருமுறை கேட்டதற்கு, "எப்பவும் வெட்டுறதுதானே" என்று பதில் வந்ததாம்.

சின்னக் கம்பெனிகள்தான் இப்படிச் செய்யும் என்று நினைக்க வேண்டாம். 2008 மார்ச்சில் அப்பிள், விண்டோஸில் தன் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அப்டேட் ஜன்னல் வழியாக தன் பிரவுசரான சஃபாரி 3.1ஐ நீட்டியது, டிக்கும் போட்டே. ஃபயர்ஃபொக்ஸ் பிரவுசரைச் செய்யும் மொஸில்லாவின் அன்றைய தலைவர் ஜோன் லில்லி இதைக் கடுமையாகக் கண்டித்தார். போட்டிக்காரர், அவருக்கு வயிற்றெரிச்சல் இருக்கும்தான், ஆனால் சொன்னது சரி: அப்டேட் மேல் மக்கள் வைத்த நம்பிக்கையையே இது கெடுக்கும். அடுத்த மாதமே அப்பிள் புது மென்பொருளைத் தனிப் பட்டியலாகப் பிரித்தது. டிக்கை மட்டும் எடுக்கவில்லை. ஜாவா என்ற மென்பொருள் இன்னும் மோசம், பாதுகாப்பு அப்டேட்டோடேயே பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் ஆஸ்க் டூல்பாரைக் கட்டிக் கொடுத்தார்கள், வருஷக்கணக்கில்.

பிரவுசர் நல்லதா கெட்டதா என்பது என் பேச்சே இல்லை. அப்டேட் என்பது ஓட்டை அடைக்கிற வேலை. லயத்துக் கூரைத் தகரம் மாற்ற வந்தவன், போகும்போது வாசல் இஸ்தோப்பில் ஒரு கடை போட்டுவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு அவனை யார் கூப்பிடுவார்கள்?

எல்லாவற்றையும் கழற்றி, பழைய பிரவுசரைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். நேற்று சித்தி போன் எடுத்தார். விண்டோஸ் அப்டேட் கேட்கிறதாம், மூன்று நாளாக "பிறகு" என்றே அமுக்கி வருகிறாராம். இது நல்ல அப்டேட், போடுங்கள் என்றேன்.

"அன்னைக்கும் அப்படித்தானே மகன் போட்டுச்சு?"