இடுப்பு வலிக்குக் கரண்ட் வைப்பது: மெஷினை அணைத்த பிறகு?

இடுப்பு வலிக்குக் கரண்ட் வைத்துக்கொள்ளலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மெஷினை அணைத்த பிறகு என்ன செய்யப் போகிறீர்கள்?

பல வருடமாக இந்த வலியோடு குடித்தனம் நடத்துபவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தோல் வழியாக நரம்புக்கு லேசான மின்சாரம் விடும் டென்ஸ் (TENS) மெஷின் ஏமாற்று வேலை இல்லை. பட்டைகளை முதுகில் ஒட்டி, சுருசுருவென்று ஊற ஆரம்பித்ததும் வலி கொஞ்சம் பின்வாங்குவது பலருக்கு நடக்கிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறதல்லவா, அதே கணக்குதான். தொடுகையைச் சொல்லும் தடித்த நரம்புகள் வேலை செய்யும்போது, வலியைச் சொல்லும் மெல்லிய நரம்புகளின் சேதி தண்டுவடத்திலேயே மட்டுப்படுகிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். வால் எழுதியதோடு நிற்கவில்லை. ஸ்வீட் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து தங்கள் முகத்து நரம்பிலேயே ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளிடம் போனார்கள். (இன்றைக்கு மெஷின் விற்பவர்களிடமும் இந்த நேர்மையை எதிர்பார்க்கலாம், தப்பில்லை.)

ஆனால் ஊறும்போது இதமாக இருப்பது வேறு, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி மாறுவது வேறு. 1990இல் அமெரிக்காவில் 145 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு உண்மையான டென்ஸ், பாதிப் பேருக்கு விளக்கு எரியும், மின்சாரம் மட்டும் வராத மெஷின். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதே ஆய்வில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த இரண்டு மாதத்தில் பெரும்பாலானோர் பயிற்சியை விட்டுவிட்டார்கள், கிடைத்த பலனும் போய்விட்டது. மனுஷ சுபாவம்!

நாள்பட்ட இடுப்பு வலிக்கான டென்ஸுக்குப் பணம் தருவதை அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2012இல் ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. இந்தச் சிகிச்சையே கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2016இல் சொன்னது. 2023 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பும் வழக்கமான சிகிச்சையாக இதைப் பரிந்துரைக்கவில்லை.

அப்படியானால் எனக்குக் கேட்டதே என்பீர்கள். கேட்டிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்த வலி ஏறி இறங்கும் சாதி. தாங்க முடியாத நாளில்தான் நாம் மெஷினைத் தேடுகிறோம். அது தானாக இறங்கும் நாளில் பெயர் மெஷினுக்குப் போய்விடுகிறது.

இப்போது ஆய்வாளர்கள் முதுகை விட்டுத் தலைக்கே போய்விட்டார்கள். ஈரப் பஞ்சு வைத்த இரண்டு மின்முனைகளைத் தலையில் கட்டி, ஒன்று அல்லது இரண்டு மில்லிஆம்பியர் மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவது. இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வருகிறது: "அப்போ என் வலி மூளைக்கோளாறா, பிரமையா?" இல்லை. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. சின்னச் சேதியையும் பெரிதாக வாசிக்கிறது. எம்ஆர்ஐயில் டிஸ்க் தேய்மானம் என்று வந்ததும் நாம் இடிந்து உட்கார்ந்துவிடுகிறோம். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் அது படத்தில் தெரிகிறது என்று 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஆக, மூளைப் பக்கம் போய்த் தேடுவதில் தப்பே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த யோசனையும் அதுதான்.

யோசனை பிடித்திருப்பதும் பலன் கிடைப்பதும் ஒன்றல்ல. ஜெர்மனியில் 135 பேருக்கு ஐந்து நாள் இப்படி மின்சாரம் கொடுத்து, பிறகு வலியைச் சமாளிக்கும் உளவியல் பயிற்சியும் கொடுத்தார்கள். 2015இல் முடிவு வந்தது. போலி மின்சாரம் பெற்றவர்களைவிட இவர்கள் வலியிலும் நடமாட்டத்திலும் தேறவில்லை. தலையிலும் முதுகிலும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அதை ஆராயட்டும், நானும் ஆவலாகப் பார்க்கிறேன். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பதை வீட்டுக்கு வாங்கி, வீடியோ பார்த்து நாமே தலையில் மாட்டிக்கொள்வது வேண்டாத வேலை. தோல் வெந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது.

தண்டுவடத்தருகே மின்சாரம் விடும் கருவியையே பதித்துவிடும் சிகிச்சையும் உண்டு. நார்வேயில் முதுகு அறுவைக்குப் பிறகும் கால்வரை வலி ஓடிய 50 பேருக்குப் பதித்து, அவர்களுக்கே தெரியாமல் சில மாதம் ஓடவிட்டும் சில மாதம் நிறுத்தியும் பார்த்தார்கள். 2022இல் வெளிவந்த அந்த ஆய்வில் இரண்டு காலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அறுவை செய்து பதிக்கும் விஷயம் என்பதால் கையெழுத்துப் போடுமுன் இதை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

என் கட்சி இதுதான்: கரண்ட் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தால் அந்த அரை மணி நேரம் வீண். பட்டையை ஒட்டிக்கொண்டு நடக்க முடிகிறதா, பயிற்சி செய்ய முடிகிறதா, அப்படியானால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன். வலி மட்டுப்படும் அந்தக் கொஞ்ச நேரத்தில் உடம்பை அசைக்கப் பழக்குவது நம் கையில் இருக்கிறது.

பேஸ்மேக்கர் இருப்பவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் டென்ஸ் மெஷினைத் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கத்திலும் மரத்துப்போன தோலிலும் ஒட்டக் கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர் பிரியாமல் போனாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடையிடுக்கில் மரத்தாலோ, கால் திடீரென்று பலமிழந்தாலோ மெஷினைத் தேடாதீர்கள். அன்றைக்கே, அந்த நேரமே, அவசர சிகிச்சைக்குப் போங்கள்.