கட்டணம் கேட்டவர் ஏஜென்ட் இல்லை, கொடுத்தவர் முட்டாளும் இல்லை

அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். புத்தகங்களைப் பதிப்பகங்களுக்கு விற்றுக் கொடுக்கிற லிட்டரரி ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்ட ஒருவனுக்குக் கட்டணம் கட்டி ஒரு பெண் ஏமாந்தாளே, அந்த மெயிலின் ஸ்க்ரீன்ஷாட்தான். நேற்று ஒரு பெரிய மனிதர் அதன் கீழே "படிச்சவங்கதானே, கூகுள் பண்ணத் தெரியாதா?" என்று எழுத, அதற்குச் சிரிப்பு எமோஜிகள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்த பிறகு பொறுக்க முடியவில்லை.

சிரித்தவர்களில் பாதிப் பேருக்கே விஷயம் தெரியவில்லை என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உண்மையான லிட்டரரி ஏஜென்ட், எழுதுகிறவரிடம் பணம் வாங்க மாட்டார். படிப்பதற்குக் கட்டணம் கிடையாது, பதிவுக் கட்டணம் கிடையாது, 'மதிப்பீட்டுக் கட்டணம்' என்று எதுவும் கிடையாது. உங்கள் புத்தகத்தைப் பதிப்பகத்துக்கு விற்றுக் கொடுத்தால், உங்களுக்கு வருகிற பணத்தில் பொதுவாக 15 சதவீதம் அவருக்கு. வெளிநாட்டு உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை என்றால் பெரும்பாலும் 20. விற்கவில்லையா, அவருக்கும் ஒன்றும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் ஏ.பி. வாட் இந்தத் தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டபோதே 10 சதவீதக் கமிஷன்தான். அமெரிக்க ஏஜென்ட்டுகள் சங்கத்தின் நடத்தை விதிகளும் இதையேதான் சொல்கின்றன: உறுப்பினர்கள் படிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. பணம் எழுத்தாளரை நோக்கி வர வேண்டும். எதிர்த் திசையில் போனால் அது வேறு தொழில்.

இப்போது அந்தக் கூகுளுக்கு வருவோம். அந்தப் பெண் கூகுள் பண்ணாமல் இல்லை சார். பண்ணினாள். உண்மையான ஏஜென்ட்டின் பெயர் வந்தது, படம் வந்தது, அவர் விற்ற புத்தகங்களின் பட்டியல் வந்தது. எல்லாம் சரியாகவே இருந்தன. ஏன் இருக்காது? மோசடிக்காரன் நிஜமான ஒருவரின் பெயரைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். மெயில் முகவரியில் மட்டும் ஒரே ஒரு எழுத்து கூடுதல். ஸ்க்ரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். சிரிக்கிற அவசரத்தில் பெரிதாக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. 1998லிருந்து ரைட்டர் பிவேர் என்று ஒரு அமைப்பு இந்த மாதிரி ஆட்களைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. இத்தனை வருஷம் ஆகியும் அதற்கு வேலை குறையவில்லை. ஏமாந்தவர்கள் எல்லோரும் படிக்காதவர்களா?

சரி, நானும் சொல்லிவிடுகிறேன். நானும் கொடுத்தேன்.

என் நாவல் 94,000 சொற்கள். அதை முடித்தபோது, கஷ்டமான பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். க்வெரி லெட்டர் என்று ஒன்று இருக்கிறது, ஏஜென்ட்டுக்கு நாவலை அறிமுகப்படுத்தி அனுப்புகிற கடிதம். ஏறக்குறைய 300 சொற்களில் கதையின் முடிச்சு, எந்த வகை நாவல், எத்தனை சொற்கள், சமீபத்தில் வந்த எந்தப் புத்தகங்களின் பக்கத்தில் இது நிற்கும், எழுதியவர் யார், எல்லாம் வர வேண்டும். நான் முதலில் எழுதியது 900 சொல். அதில் பாதி, ஏன் இலக்கியம் படைக்கிறேன் என்ற விளக்கம். முடிவை மறைத்து ஒரு சினாப்சிஸ், அதாவது கதைச் சுருக்கம், வேறு எழுதி வைத்திருந்தேன், சஸ்பென்ஸாம். சினாப்சிஸில் முடிவைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது பன்னிரண்டு பேருக்கு அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. ஒருவருக்கு, அவருக்கு முன்னால் அனுப்பிய ஏஜென்ட்டின் பெயரோடு வணக்கம் வைத்து அனுப்பியிருக்கிறேன். இன்றும் நினைத்தால் காது சூடாகும்.

பிறகு கற்றுக்கொண்டேன். பிடித்த நாவல்களின் நன்றியுரையைப் புரட்டினால் அங்கேயே ஏஜென்ட்டின் பெயர் இருக்கும். ஒருவர் முதல் பத்துப் பக்கம் கேட்பார், இன்னொருவர் மூன்று அத்தியாயம். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பலாம், ஆனால் ஒரே ஏஜென்சியில் இரண்டு பேருக்கு அனுப்பினால் பல இடங்களில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இதற்கெல்லாம் ஒரு எக்செல் ஷீட். 61 வரிசை. முழுப் பிரதியையும் கேட்டால் பச்சை, மறுத்தால் சிவப்பு, பதிலே இல்லையென்றால் சாம்பல். பச்சை இரண்டு. சிவப்பு இருபத்து நான்கு. மீதி எல்லாம் சாம்பல்.

சிவப்பைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. "என் பட்டியலுக்குப் பொருந்தவில்லை" என்ற அந்த ஒற்றை வரி எல்லோருக்கும் போகிற வரிதான் என்று தெரிந்தும் ஒரு மாதிரி நிம்மதி. சாம்பல்தான் ஆளைக் கொல்லும்.

அப்படி எட்டாவது மாதத்தில் ஒரு நாள் காலையில் அந்த மெயில் வந்தது. நான் அனுப்பாத ஒருவரிடமிருந்து. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும், தெரியும். ஏஜென்ட்டுகள் யாரென்றே தெரியாத புதியவரைத் தேடி வருவது அபூர்வம். ஆனால் அதில் மூன்று பத்தி என் நாவலைப் பற்றி இருந்தது. அம்மாவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சண்டை போடுகிற மகளின் காட்சியைப் பிரமாதம் என்று எழுதியிருந்தார். எட்டு மாதத்தில் என் எழுத்தைப் பற்றி யாராவது சொன்ன முதல் வாக்கியம் அது. அவர்களுடைய எடிட்டர் ஒரு முறை செப்பனிட்டால் ஏற்றுக்கொள்வாராம், அதற்குக் கட்டணம். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. அனுப்பினேன். கண்ணாடிக் காட்சி என் இணையப் பக்கத்திலேயே பொதுவில் கிடந்த முதல் அத்தியாயத்தில் இருப்பது என்பது பணம் போன பிறகுதான் உறைத்தது.

"நல்ல எழுத்துக்குத் தரகர் எதுக்கு?" என்று ஒரு குரூப் வரும். பெரிய ஆங்கிலப் பதிப்பகங்களில் பல, ஏஜென்ட் வழியாக வராத பிரதியைப் பிரித்தே பார்ப்பதில்லை. அதனால்தான். "நீங்களே வெளியிடலாமே" என்பவர்களுக்கு: வெளியிடுங்கள், வாழ்த்துகள்.

"ஏஜென்ட்டுகளும் மனுஷங்கதானே, சம்பளம் இல்லாம எத்தனை படிப்பாங்க?" இதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே கையில் இருக்கிற எழுத்தாளர்களின் வேலை போக, மிச்ச நேரத்தில்தான் க்வெரி படிக்கிறார்கள். ஆனால் "வேண்டாம்" என்று ஒரு பட்டனைத் தட்ட எவ்வளவு நேரமாகும்? "பதில் இல்லை என்றால் மறுப்பு என்று பொருள்" என்று தளத்தில் எழுதிப் போட்டுவிட்டால் ஆயிற்றா? அந்த மௌனத்தில்தானே திருடன் வந்து உட்காருகிறான்? கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறேனோ. பேசினால் பேசினதுதான்.

அப்புறம் அந்தப் பெரிய மனிதர். கூகுள் பண்ணத் தெரியாதா என்று கேட்டவர். 'ஏஜென்ட்டைக் கவரும் க்வெரி லெட்டர்' என்று அவர் கட்டணப் பயிற்சி நடத்துகிறார், அடுத்த பேட்சுக்கு அட்மிஷன் நடக்கிறது. அந்தக் கமென்ட்டுக்கு நேர் மேலேதான் அந்தப் போஸ்டர் இருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பெண் நேற்று இன்பாக்ஸில் வந்தாள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அக்கா, அவன் என் நாவலைப் பத்திச் சொன்னதாவது நிஜமா இருக்குமா?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்ல? என் மெயிலில் அந்த மூன்று பத்தி இன்னும் ஸ்டார் போட்டபடியே இருக்கிறது. முதல் மூன்று அத்தியாயத்தை அனுப்பச் சொன்னேன்.

ராத்திரியே படித்துவிட்டேன். இரண்டாவது அத்தியாயம் இழுக்கிறது, பாதியை வெட்டலாம். மூன்றாவது நன்றாக இருக்கிறது, நிஜமாகவே நன்றாக இருக்கிறது. ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன். கட்டணம் எதுவும் வாங்கவில்லை.