அந்த விட்டுவிட்டு நகர்வது ரெண்டர் குறை இல்லை

'அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்' அனிமேஷன் படத்தின் டிரெய்லரில் நாயகன் மைல்ஸ் தடுக்கித் தடுக்கி நகர்வதால், ரெண்டர் (கணினியில் இறுதிப் படங்களை உருவாக்கும் வேலை) முடியாமலே வெளியிட்டுவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. படம் நொடிக்கு 24 ஃபிரேம்தான் (தனிப்படங்கள்) ஓடுகிறது. ஆனால் பல இடங்களில் பாத்திரத்தின் ஒரு நிலையை 2 ஃபிரேம் அப்படியே நிறுத்துகிறார்கள். ஆக அங்கே நொடிக்கு 12 நிலைகள். 2018-இல் வந்த முதல் படத்திலேயே இது உண்டு. காட்டில் தாவும் காட்சியில் அனுபவசாலி ஸ்பைடர்மேனான பீட்டர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நகர்வார், மைல்ஸ் இரண்டுக்கு ஒருமுறைதான். அவனுக்கு இன்னும் கைவரவில்லை என்பதை அசைவாலேயே சொன்ன இடம் அது, எவ்வளவு அழகான யோசனை!

நீங்களே சோதிக்கலாம். கணினியில் யூடியூபில் டிரெய்லரை நிறுத்திவிட்டு, முற்றுப்புள்ளி விசையை ஒவ்வொரு முறையாக அழுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். உடல் அசையாத ஃபிரேமிலும் கேமரா நகர்ந்தால், அது திட்டமிட்டுச் செய்தது. டிவியில் பார்ப்பவர்கள் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். டிவியின் அந்த வசதி, படத்தில் இல்லாத ஃபிரேம்களை இட்டு நிரப்பி, கோடுகளைக் குழப்பிவிடும்.

விளிம்புகளில் நிறம் பிரிந்து தெரிவதும் 3டி கண்ணாடிக்காக அல்ல. பழைய காமிக்ஸ் அச்சில் மைகள் விலகி விழுமே, அதைத்தான் ஃபோகஸில் இல்லாதவற்றை மங்கலாக்குவதற்குப் பதிலாக வைத்திருக்கிறார்கள்.