சம்பந்தம் எப்படி வந்தது என்று சபையில் கேட்டார்கள், சொன்னேன்

என் அக்கா மகளுக்குப் போன மாதம் மும்பை தாராவியில் நிச்சயதாம்பூலம் நடந்தது. தாய்மாமன் என்ற முறையில் சபையில் எழுந்து பேச வேண்டியவன் நான். முந்தின நாள் ராத்திரி அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, ஊர்லருந்து பெரியவங்க எல்லாரும் வந்திருக்காங்க. சம்பந்தம் எப்படி வந்துச்சுன்னு கேட்டா, தெரிஞ்சவங்க மூலமா ஜாதகம் வந்துச்சு, பொருத்தம் இருந்துச்சு, முடிச்சோம்னு சொல்லிரு. லவ்வுங்கிற பேச்சே வரக்கூடாது."

நடந்ததை நடந்தபடியே சபையில் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் வருத்தம் இருக்கிறது. ஏன் சொன்னேன் என்பதை எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை.

தாராவியை வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்கா வீடு கீழே பத்துக்குப் பத்தில் ஓர் அறை, இரும்பு ஏணி வைத்து மேலே இன்னொரு அறை. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ராத்திரி பதினொரு மணி வரை ஓடும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அங்கே உட்கார்ந்து படிக்க முடியாது. அதனால் பெரிய வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அப்யாசிகாவுக்குப் போவார்கள். பொதுப் படிப்பறை. நீள மேஜை, டியூப் லைட், ஃபேனுக்குக் கீழே இடம் பிடிக்கப் போட்டி. மும்பையில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் பேங்க் வேலைக்கும் சி.ஏ.வுக்கும் படித்து மேலே வந்தது இப்படிப்பட்ட அறைகளில்தான்.

இப்படி ஓர் அறையில்தான் அக்கா மகள் பேங்க் பரீட்சைக்கும், இப்போது மாப்பிள்ளையாக வரப்போகிறவர் சி.ஏ.வுக்கும் படித்துக்கொண்டிருந்தார்கள். இவள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், கணக்கு நோட்டின் ஓரத்தில் குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுவாள். அவர் இங்கிலீஷ் மீடியம். வீட்டில் நெல்லைத் தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டத் தெரியாது. அவருடைய தாத்தா பேரில் ஊரில் கொஞ்சம் புஞ்சை இருந்திருக்கிறது. அதன் கிரயப் பத்திரத்து ஜெராக்ஸை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் இல்லாமல் அலைந்திருக்கிறார். இவள் தமிழில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் தயங்கித் தயங்கி அதை நீட்டினார்.

இவளும் வாசித்தாள். "இதற்குச் சக்குபந்தி" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். உடனே எனக்குப் போன். "மாமா, சக்குபந்தின்னா என்ன?" நாலு எல்லை என்றேன். வண்டிப்பாதைக்குக் கிழக்கு, இன்னாருடைய புஞ்சைக்கு மேற்கு என்று அடுத்து வரும் பார் என்றேன். ஆமாம், வருது என்றாள். அந்த நிலத்தை விற்கப் பார்த்தவர்கள் சொன்ன எல்லையும் பத்திரத்தில் இருந்த எல்லையும் வேறு வேறு என்பது அன்றைக்குத்தான் அவர் வீட்டுக்கே தெரிந்தது.

அதன் பிறகு அவர் கேட்டது, "எனக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித் தருவீங்களா" என்று. படிப்பறை வாசற்படியில், கட்டிங் சாய் குடிக்கிற நேரத்தில் பாடம் நடந்திருக்கிறது. உயிரெழுத்து சீக்கிரம் வந்துவிட்டது. ர எங்கே வரும், ற எங்கே வரும் என்பது மட்டும் பிடிபடவே இல்லையாம். ஒரு பையனும் பெண்ணும் பழகியதற்கு இதைவிட நல்ல காரணம் ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. இதை மறைத்துவிட்டு இல்லாத ஜாதகத்தைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

பழகவும் இவர்களுக்கு இடம் கிடையாது. வீட்டில் இடமில்லை, தெருவில் எல்லோரும் தெரிந்தவர்கள். மித்தி ஆற்றோரம் இருக்கிற மகாராஷ்டிரா நேச்சர் பார்க், குப்பை மேடாகக் கிடந்து காடாக வளர்ந்த இடம், அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நடந்திருக்கிறார்கள். சில நாள் சிவாஜி பார்க் கட்டாவில், அதாவது மைதானத்தைச் சுற்றியிருக்கிற கட்டைச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய நகரம், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள் என்று ஊரில் நினைக்கிறார்கள். இதே மும்பையில் 2015 ஆகஸ்டில் மட் தீவு ஓட்டல்களில் போலீஸ் புகுந்து, வயது வந்த ஜோடிகளைப் பிடித்துக்கொண்டு போய் அவமானப்படுத்தியது. இரண்டு பேர் மரியாதையாக உட்கார்ந்து, நம்மால் சேர்ந்து வாழ முடியுமா என்று பேசிப் பார்க்க நாம் ஓர் இடம்கூட விட்டுவைக்கவில்லை. பேசிப் பழகாமல் முடிவெடுத்தால் மட்டும் நல்ல பிள்ளை என்கிறோம்.

வேலை கிடைத்ததும் அவர் அத்தானுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமிழில், தன் கையால், ஒரு பக்கம். 'வருமானம்' என்பதற்கு மூன்று சுழி ண போட்டிருந்தார். தன் சம்பளம், வீட்டுக் கடன், தங்கச்சி படிப்பு, எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிவிட்டு, உங்கள் மகளைக் கல்யாணம் செய்துகொள்ள உங்கள் சம்மதம் வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அத்தான் முழுவதும் படித்தார். படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "பையன் எந்த ஊரு, என்ன ஆளுங்க?"

நான் பேச வந்த விஷயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஊர் பக்கத்து ஊராக இருந்தது. சாதியும் ஒன்றாக அமைந்தது. அதனால்தான் சீக்கிரம் சம்மதம் கிடைத்தது, தட்டு மாற்றினோம். கடிதத்தில் இருந்த நேர்மைக்காகக் கிடைத்த சம்மதம் இல்லை அது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உண்மை. சரி, அப்படியே எல்லாம் கூடி வந்த காதலைக்கூட ஏன் ஜாதகக் கல்யாணம் என்று சொல்லச் சொல்கிறார்கள்?

யோசித்துப் பாருங்கள். நம் சொந்தத்தில் காதலித்துக் கல்யாணம் செய்தவர்கள் எத்தனை பேர்? பெற்றவர்கள் ஒத்துக்கொண்டதெல்லாம் ‘பெரியவங்க பார்த்து முடிச்சது’ என்று கணக்கில் ஏறிவிடுகிறது. ஒத்துக்கொள்ளாதது மட்டும் காதல் என்ற பெயரில் வெளியே தெரிகிறது. ஓடிப்போனது, போலீஸ் ஸ்டேஷன் போனது, வெட்டுக்குத்து ஆனது. இதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குக் காதல் என்றால் வீட்டுக்கு எதிரான காரியம் என்றுதானே மனதில் பதியும்? அப்பா அம்மாவிடம் வந்து சொல்லலாம், உட்கார்ந்து பேசலாம், மரியாதையாக நிச்சயம் நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணமும் அவர்கள் கண்ணில் படாது. உதாரணம் இருக்கிறது. நாம்தான் பொய் சொல்லி மூடிவைக்கிறோம்.

இந்தப் பொய்க்கு அதிக விலை கொடுப்பவர்கள் சாதி மாறிக் காதலிப்பவர்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம், சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதை மறந்தவர்கள் இருக்க முடியாது. 2025 ஜூலையில் நம் பாளையங்கோட்டையிலேயே ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். அவர் பழகிய பெண்ணின் சகோதரர் கைதானார். அந்த வாரம் இங்கே தாராவியில் டீக்கடைக்கு டீக்கடை அதே பேச்சு. "பாவம்தான், ஆனா அந்தப் பையனுக்கு ஏன் இந்த வேலை" என்று சொன்னவர்களை என் காதால் கேட்டேன். அப்படிச் சொன்னவர்களில் காதல் கல்யாணம் செய்துகொண்டவரும் ஒருவர் இருந்தார். அவர் கல்யாணம் ஊரில் ஜாதகக் கல்யாணமாகப் பதிவாகிவிட்டதால், கொலையானவர் செய்ததும் தான் செய்ததும் ஒரே காரியம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சாதி ஒழியக் கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். 2011-12-ல் நாடு முழுக்க எடுத்த மனித வளர்ச்சி ஆய்வில், கணவனும் மனைவியும் வேறு வேறு சாதி என்று சொன்ன குடும்பங்கள் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் இருந்தன. அம்பேத்கர் வாழ்ந்த ராஜகிருகத்துக்கும் அவரை எரியூட்டிய சைத்யபூமிக்கும் அரைமணி நேரத்தில் போய்விடுகிற தூரத்தில் இருக்கிறோம் நாம்.

சட்டத்தைப் பற்றியும் தப்பான பேச்சு நிறைய. நிச்சயத்துக்கு வந்த ஒரு பெரியவர், வேற சாதின்னா கவர்மெண்ட் ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டி ஒரு மாசம் காத்திருக்கணும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார். அப்படி இல்லை. இரண்டு பேரும் இந்துக்கள் என்றால் எந்தச் சாதியாக இருந்தாலும் 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்யலாம், பதிவு செய்யலாம். முப்பது நாள் நோட்டீஸ் என்பது 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் இருக்கிறது. மதம் மாறாமல் இரு மதத்தவர் மணக்கும்போது பெரும்பாலும் அந்த வழிதான். வயது வந்த இருவர் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டால், குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதைத் தெரிந்துவைத்திருங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

அத்தானைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நல்ல மனிதர். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்த சொந்தங்கள் முன்னால் மகள் பேர் கெட்டுவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சபையில் நான் சொன்னபோது என்ன நடந்தது தெரியுமா? பத்திரம் வாசித்த கதையைச் சொன்னதும் மாப்பிள்ளையின் பெரியம்மாதான் முதலில் சிரித்தார். "அந்தச் சக்குபந்தியக் கண்டுபிடிச்ச பிள்ளை இதுதானா?" என்று எழுந்து வந்து இவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள், அது உண்மைதான். சாப்பிடாமல் யாரும் போகவில்லை.

கல்யாணம் தை மாதம் ஊரில். அங்கேயாவது வாயை மூடிக்கொண்டு இரு என்று அத்தான் சொல்லியிருக்கிறார். நானாக மைக் பிடித்துப் பேசப் போவதில்லை, அது அவர் வீட்டு விசேஷம். கேட்டால் சொல்லுவேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிற சொந்தங்களே, அவரையும் அக்காவையும் போன் போட்டுக் குடைய வேண்டாம். என்ன கேட்பதாக இருந்தாலும் என்னைக் கேளுங்கள்.