நீந்தாமல் கிடந்தாலும் சுறா மூச்சுவிடும்
நீந்துவதை நிறுத்தினால் சுறா மூச்சுத் திணறி இறந்துவிடும் என்று சுறாக்கள் பற்றிய ஒரு கட்டுரையில் பொதுவிதியாகச் சொல்லியிருப்பது எல்லாச் சுறாக்களுக்கும் பொருந்தாது. தென் ஆஸ்திரேலியக் கடல்களில் வாழும் போர்ட் ஜாக்சன் சுறா பகல் நேரத்தில் பாறைக் குகைகளில் அசையாமல் படுத்துக் கிடந்து, இருட்டிய பிறகே கடல் முள்ளெலிகளையும் சிப்பிகளையும் தேடிப் புறப்படுகிறது. வாய்த்தசைகளின் இயக்கத்தால் நீரை இழுத்துச் செவுள்கள் வழியே வெளியேற்றுவதால், மூச்சுக்காக அது நீந்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஐந்து செவுள் பிளவுகளில் முதலாவதன் வழியே நீரை உள்ளே எடுத்து மற்ற நான்கின் வழியே வெளியே விடவும் அதனால் முடியும் என்பதால், தட்டையான பின்பற்களால் ஓடுகளை நொறுக்கித் தின்னும்போதுகூட மூச்சு தடைபடுவதில்லை. இப்படிப் படுத்துக் கிடப்பதைப் பார்த்து, அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் கடலடித் தரையில் வாழும் சுறாக்களைச் சோம்பேறிகள் என்று எழுதியிருப்பதை ஏற்க மனம் வரவில்லை. இனப்பெருக்கத்துக்காகக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலுள்ள ஜெர்விஸ் விரிகுடாவுக்கு வரும் போர்ட் ஜாக்சன் சுறாக்கள், அது முடிந்ததும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, டாஸ்மேனியாத் தீவுக்கு முன்னுள்ள பாஸ் நீரிணை வரை சென்று, அடுத்த பருவத்தில் அதே பாறைத்திட்டுக்குத் திரும்புவதை, உடலில் பொருத்திய, ஒலிக்குறிப்பு அனுப்பும் கருவிகள் மூலம் ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். சிட்னி கடற்கரையில் திருகாணி போல முறுக்கிய, பழுப்பு நிறமுள்ள இந்தச் சுறாவின் வெற்று முட்டைக்கூடு ஒன்றைக் கண்டெடுத்து, முதலில் அதைக் கடற்பாசி என்றே நினைத்தேன். மென்மையாக வெளிவரும் அந்த முட்டையைத் தாய்ச்சுறா வாயில் கவ்விச் சென்று பாறை இடுக்கில் செருகுவதையும், குஞ்சு பொரிய ஏறத்தாழ 10 முதல் 11 மாதங்கள் ஆவதையும் பிறகுதான் அறிந்துகொண்டேன்.