கேக்காத சத்தம்

(மட்டக்களப்பு, கல்லடி. பின்னேரம் நாலு மணி. கனகம் ரீச்சர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, வயது 71. தவம், ரீவி திருத்துறவர், வயது 54. ஒருகாலம் ரீச்சரிட்டப் படிச்சவர். 21 இஞ்சி பழைய பெட்டி ரீவி ஒண்டு மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.)

ரீச்சர்: வா தம்பி. இதுதான் ஆள். கீ எண்டு கத்துதாம்.

தவம்: கத்துதாமா? உங்களுக்குக் கேக்கல்லையா?

ரீச்சர்: எனக்கு ஒண்டும் கேக்கல்ல. பேத்திக்குத்தான் காது குத்துதாம். ஓ.எல் சோதினைக்குப் படி எண்டா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு எழும்பி ஓடுறாள். படிக்கக் கள்ளம் எண்டுதான் நான் நினைச்சன். மறுகா பாத்தா, ரீவியைப் போட்டவுடன பூனையும் எழும்பிப் போகுது. பூனைக்கு என்ன சோதினை இரிக்கு?

தவம்: (ரீவியில் காதை வைத்து) ம்ம்...

ரீச்சர்: என்ன கேக்குது?

தவம்: செய்தி கேக்குது ரீச்சர்.

ரீச்சர்: அது எனக்கும் கேக்குது!

தவம்: சரி, வொலியூமைத் துப்புரவாக் குறைங்க. பூச்சியத்துக்கு. இப்ப பேத்தியைக் கேளுங்க.

ரீச்சர்: (உள்ளே எட்டிப் பார்த்து) காதில வைச்ச கையை இன்னும் எடுக்கல்ல.

தவம்: அப்ப ஸ்பீக்கர்ல பிழையில்ல. பெட்டிக்குள்ள ஏதோ ஒரு சாமான் துடிக்குது.

ரீச்சர்: நில்லு, நில்லு. உனக்கும் கேக்கல்லையா?

தவம்: எனக்கு 54 ரீச்சர். காது மேல இரிந்துதான் தேயும். தடிச்ச சத்தம் நிக்கும், கூரான சத்தம் முதல்ல போயிடும். பேத்திமாருக்கு 17,000, 18,000 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு அத்தனை துடிப்பு வரைக்கும் கேக்கும். அம்பது தாண்டின கனபேருக்கு 12,000த்துக்கு மேல கேக்கிறல்ல. இது 15,625.

ரீச்சர்: கேக்காத சத்தத்தைக் கடைசி இலக்கம் வரைக்கும் எப்பிடிடா சொல்றாய்? என்ட வகுப்பில நீ ஏழாம் வாய்ப்பாட்டில நிண்டவன்.

தவம்: நீங்களே பெருக்கிப் பாருங்க. நம்மட நாட்டு ரீவி பால் (PAL) எண்ட ஒளிபரப்பு முறை. ஒரு கோடு கீற ஒரு துடிப்பு. ஒரு படத்துக்கு 625 கோடு. செக்கனுக்கு 25 படம்.

ரீச்சர்: 625 எண்டா 25இன்ட வர்க்கம். அதை இன்னொருக்கா 25ஆல பெருக்கினா... அட, 25இன்ட கனம்! 15,625. இவ்வளவு வடிவான எண்ணா என்ட ஊட்டுக்குள்ள கிடந்து கத்துது?

தவம்: அமெரிக்கா முறை எண்டா 15,734. அது ஒரு வடிவும் இல்ல. இஞ்ச பாருங்க, இந்தப் போன்ல சத்தத்தைப் படமாக் கீறிக் காட்டுற ஆப் இரிக்கு. 15,000த்துக்கும் 16,000த்துக்கும் நடுவில ஊசி மாதிரி நிக்குதே, அதுதான் பேத்தி சொல்ற கீ.

ரீச்சர்: அப்ப அவள் பொய் சொல்லல்ல.

தவம்: சொல்லல்ல.

ரீச்சர்: அதில்லடா, இன்னொரு கதையும் சொன்னாள். கதிரையில சாஞ்சா கேக்குதாம், கொஞ்சம் நிமிந்தாக் கேக்கல்லையாம். அதுக்குத்தான் நான் நல்ல ஏச்சு ஏசினன்.

தவம்: அதுவும் உண்மைதான். காத்தில சத்தம் செக்கனுக்கு 343 மீற்றர் போகும். அதை 15,625ஆல பிரிங்க.

ரீச்சர்: ...2.2 சென்ரிமீற்றர்.

தவம்: அலை அவ்வளவுதான் நீளம். சுவரில பட்டுத் திரும்பி வாற அலையும் நேரா வாற அலையும் மோதினா, ஒரு இடத்தில கூடும், பக்கத்தில விரல் அகலம் தள்ளினா அழியும். தலையை ஒரு சென்ரிமீற்றர் அசைச்சாலே வித்தியாசம் தெரியும்.

ரீச்சர்: (உள்ளே திரும்பி) இஞ்ச புள்ள, நேத்து ஏசினதை நான் திருப்பி எடுக்கிறன்!... கேக்கல்ல போல. காதைப் பொத்தியிரிக்காள்.

தவம்: அதாலதான் இந்த மூலையில வைச்சது பிழை எண்டு சொல்றன். ரெண்டு பக்கமும் வெறும் சீமெந்துச் சுவர். முன்னுக்கு ஒரு அடி இழுங்க. பின் சுவரில தடிப்பான துணி தொங்கவிட்டா மேல்ச் சத்தத்தைக் குடிச்சிடும்.

ரீச்சர்: மருதமுனைக் கைத்தறிச் சீலை ஒண்டு கிடக்கு. ரீவிக்கு மேலால போத்திடட்டா?

தவம்: ஐயோ! சுவரில. ரீவியில இல்ல. பின் மூடியில இரிக்கிற ஓட்டையை அடைச்சா உள்ள வெந்திடும். மறுகா கீ எண்டும் கத்தாது, ஒண்டும் கத்தாது.

ரீச்சர்: சரி, சத்தத்துக்கு என்ன காரணம்? பொத்தாம் பொதுவாச் சொல்லாத.

தவம்: பின்னுக்கு பிளைபேக் எண்டு ஒரு ட்ரான்ஸ்போமர் இரிக்கு. பிக்சர் டியூப்புக்கு 25,000 வோல்ட் அளவில குடுக்கிறது அதுதான். அதுக்கு நடுவில பெரைட் எண்ட கறுப்புக் கல்லு, ப வடிவில ரெண்டு துண்டு, கம்பிக் கிளிப்பால இறுக்கி ஒட்டியிரிக்கும். கோடு கீறுற ஒவ்வொரு தரமும் காந்தம் ஏறி இறங்க, அந்தக் கல்லு மயிரிழை நீண்டு சுருங்கும். புதுசில பசை பிடிச்சிக்கொள்ளும். வருசக்கணக்கா வெந்து ஆறி வெந்து ஆறிப் பசை வெடிச்சா, கல்லு அடிக்கத் தொடங்கும்.

ரீச்சர்: வயசு போனா முழங்கால் அடிக்கிற மாதிரி.

தவம்: ஓம். பிளைபேக் மட்டும் எண்டில்ல. டியூப்பின்ட கழுத்தில சுத்தியிரிக்கிற யோக் கொயிலும் கத்தும், பக்கத்தில இரிக்கிற சின்னக் கொயிலும் கத்தும். சத்தம் எப்பிடி எண்டதிலயும் விசயம் இரிக்கு. "கீ" எண்டா நான் சொன்ன இது. "இஸ்ஸ்ஸ்" எண்டா டியூப்பில ஒட்டியிரிக்கிற ரப்பர் தொப்பிக்குக் கீழால கரண்ட் கசியுது. "ம்ம்ம்" எண்டா...

ரீச்சர்: பேத்தி ஓடி வரப்போறாள், நீ ரீவியை விடப் பெரிசாக் கத்துறாய்.

தவம்: அந்த இஸ்ஸ்ஸைச் சும்மா விடப்படா ரீச்சர். நம்மட பக்கம் கடல் காத்து, உப்பு. மாரியில தூசும் ஈரமும் சேந்தா அந்தத் தொப்பியைச் சுத்தி நீலமா ஒளி தெரியும், ஒரு மாதிரிக் காரமான மணமும் வரும். அப்பிடி எண்டா உடன நிப்பாட்ட வேணும். "டிக், டிக்" எண்டா பவர் சப்ளை எழும்பப் பாத்து எழும்ப ஏலாம விழுது. உங்கட ரீவி சுத்தமான கீ. இனி மூடியைக் கழட்டுறன். நீங்க அந்தக் கதிரையை விட்டு எழும்பப்படா.

(பின் மூடி கழலுகிறது. தூசி பறக்கிறது.)

ரீச்சர்: இதென்ன, தோட்டத்துக் குழாய்த் துண்டு?

தவம்: ஒரு மீற்றர் பிளாஸ்டிக் குழாய். ரீவி ஓடைக்க உள்ளுக்குக் கையை விட ஒண்ணா. குழாயின்ட ஒரு முனையைக் கிட்டப் பிடிச்சு, மற்ற முனையைப் போனில வைச்சா எந்தச் சாமான் கத்துது எண்டு தெரியும். காஞ்ச பிளாஸ்டிக்தான், இரும்புக் குழாய் கூடாது. மற்றக் கை முதுகுக்குப் பின்னால.

ரீச்சர்: பறுவ இரவில கல்லடிப் பாலத்தடியில தோணியை நிப்பாட்டி, துடுப்பைத் தண்ணியில விட்டு மற்ற முனையைக் காதில வைச்சுப் பாடும் மீனைக் கேக்கிற மாதிரி இரிக்கு.

தவம்: மீனெண்டா நமக்கும் கேக்கும் ரீச்சர், அது தடிச்ச சத்தம். ...யோக், இல்ல. சின்னக் கொயில், இல்ல. பிளைபேக்... பாருங்க, ஊசி எழும்புது.

ரீச்சர்: அப்ப ஒட்டு!

தவம்: ஒட்டமாட்டன். முதல்ல வோல்ட் மீற்றரை வைக்க வேணும். போர்ட்டில எழுதியிரிக்கு, 112 வோல்ட் எண்டு. பிளைபேக்குக்குப் போற வோல்ட் அது. (அளந்து) 124.

ரீச்சர்: 12 கூட. நூத்துக்குப் பத்தே முக்கால்.

தவம்: ஓம், அதுதான் விசயம். வோல்ட் கூடினா கல்லுக்கு அடியும் கூடும். படமும் கொஞ்சம் அகலமாகியிரிக்கும், நீங்க கவனிக்கல்ல. இதைப் பாக்காமப் பசையை மட்டும் பூசினா சத்தம் குறையும், நீங்களும் சந்தோசப்படுவீங்க. ஆறு மாசத்தில பிளைபேக்கை ஓட்டுற லைன் ட்ரான்சிஸ்டர் வெடிச்சு, திருத்தினவன்ட பேர் கெடும்.

ரீச்சர்: ஏன் கூடினது?

தவம்: பவர் சப்ளையில கரண்டைச் சேத்து வைக்கிற சின்ன கப்பாசிட்டர் ஒண்டு, 47 மைக்ரோஃபராட், 50 வோல்ட். சூட்டுக்குப் பக்கத்தில கிடந்து காஞ்சு போச்சு. வோல்ட் எவ்வளவு எண்டு பாத்துச் சொல்ற வேலை அதுக்குத்தான். அது குறைச்சுச் சொல்ல, சப்ளை கூட்டிக் குடுக்குது.

ரீச்சர்: வீட்டுச் செலவை எங்கட ஊட்டுக்காரர் குறைச்சுச் சொல்ற மாதிரி. சரி, மாத்து.

தவம்: ரீவியை நிப்பாட்டி, பிளக்கைச் சுவரில இரிந்து கழட்டினாலும் உடன தொட ஒண்ணா. சப்ளையின்ட பெரிய கப்பாசிட்டருக்குள்ள 320 வோல்ட் அளவில நிக்கும்.

ரீச்சர்: ஊட்டுக் கரண்டே 230 தானேடா?

தவம்: 230ஐ...

ரீச்சர்: சொல்லாத! உச்சப் பெறுமானம். ரெண்டின்ட வர்க்கமூலத்தால பெருக்க 325. அன்றைக்கு வகுப்பில "இது வாழ்க்கையில என்னத்துக்கு ரீச்சர்" எண்டு கேட்டவன் நீதானே?

தவம்: (கேக்காதது போல்) ஹோல்டர்ல பூட்டின 60 வோட் குண்டு பல்ப்பின்ட ரெண்டு வயரை கப்பாசிட்டரின்ட ரெண்டு காலிலயும் வைக்கிறன். ஒருக்கா மின்னி அணையும். வெறும் ஸ்குரூ டிரைவரால குறுக்க வைச்சா தீப்பொறி பறந்து காலே உருகும். டியூப்புக்குத்தான் ஸ்குரூ டிரைவர்: பிடி நல்ல பிளாஸ்டிக்கா இரிக்க வேணும், தண்டில முதலை கிளிப் வயர், வயரின்ட மற்றக் கிளிப் டியூப்புக்கு வெளியால ஓடுற பின்னல் கம்பியில. அதை முதல்ல மாட்டிப்போட்டு, மறுகாதான் ரப்பர் தொப்பிக்குக் கீழால நுழைக்கிறது. "டக்" எண்டு கேக்கும்.

ரீச்சர்: கேட்டுது!

தவம்: அஞ்சு நிமிசத்தால இன்னொருக்கா. டியூப் கண்ணாடி கொஞ்சத்தைத் திரும்ப ஊற விடும்.

(கப்பாசிட்டர் மாறுகிறது.)

தவம்: புதுசு 105 பாகை எண்டு எழுதினது. 85 பாகை மலிவு, இந்தச் சூட்டுக்கு நிக்காது. வெள்ளைக் கோடு போற பக்கம் நெகட்டிவ். தலைகீழாப் பூட்டினா வெடிக்கும். இனித்தான் ஒட்டுறது.

ரீச்சர்: பேத்தியின்ட நகப்பூச்சு போத்தல் ஒண்டு இரிக்கு. சோதினை முடியுமட்டும் அவளுக்கு அது தேவையில்ல. எல்லாத்தையும் ஊத்து!

தவம்: நகப்பூச்சு காஞ்ச பிறகும் நெருப்புப் பிடிக்கிற சாமான். பாத்ரூமுக்கு அடிக்கிற, வினாகிரி மணக்கிற சிலிக்கனும் கூடாது, அந்த அமிலம் செம்புக் கம்பியைத் தின்னும். ரெண்டு டியூப்பாக் கலக்கிற எப்பொக்சிதான். பயறளவு அதில, பயறளவு இதில. முதல்ல பிரஷால தூசு தட்டி, ஸ்பிரிட்டால துடைச்சு, ஈர்க்குக் குச்சியால கல்லு ரெண்டும் சேருற பக்கத்தில பூச வேணும்.

ரீச்சர்: நடுவில ஒரு வெளி தெரியுதே. அதுக்குள்ளயும் விடு.

தவம்: அது வேணுமெண்டே விட்ட வெளி ரீச்சர். ஒரு மெல்லிசுத் தாள் வைச்சிரிக்கும். கிளிப்பைக் கழட்டி அதை எடுத்தா, இல்ல இன்னும் நெருக்கினா, கொயிலின்ட கணக்கே மாறி ட்ரான்சிஸ்டர் எரியும். பசை வெளியால பாலம் மாதிரி நிண்டாக் காணும். இண்டைக்கு ரீவி இல்ல. நாளைக்கு இந்நேரம் வாறன்.

ரீச்சர்: 24 மணித்தியாலமா? ராவைக்கு நாடகம்?

தவம்: பசை காயாமப் போட்டா அதிர்ச்சியில திரும்ப விட்டிடும்.

(மறுநாள் அதே நேரம். ரீவி ஒரு அடி முன்னால். சுவரில் கைத்தறிச் சீலை. ரீவி ஓடுகிறது.)

தவம்: 112. சரியா நிக்குது. போனைப் பாருங்க, நேத்து நிண்ட ஊசி இப்ப முள்ளு. 18 டெசிபல் குறைஞ்சிரிக்கு.

ரீச்சர்: துப்புரவாப் போகல்லையா?

தவம்: பெட்டி ரீவி ஓடுமட்டும் அது துப்புரவாப் போகாது. படம் கீறுற சத்தம் அது. ஆக்களுக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்குக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ரீச்சர்: (உள்ளே பார்த்து) கையை எடுத்திட்டாள். படிக்கல்ல, ஆனா கையை எடுத்திட்டாள். பூனையும் கதிரைக்குக் கீழ வந்து கிடக்கு.

தவம்: அப்ப நான் வரட்டா ரீச்சர்? கப்பாசிட்டர், பசை, ரெண்டு நாள் வேலை, எல்லாம் சேத்து 3,000 ரூபா.

ரீச்சர்: என்ன தம்பி? கேக்கல்ல.

தவம்: 3,000 ரூபா ரீச்சர்.

ரீச்சர்: வயசு போனாக் கேக்காது எண்டு நீதானே நேத்துச் சொன்னாய்?

தவம்: அது 12,000த்துக்கு மேல ரீச்சர். நான் சொன்னது 3,000. அது வடிவாக் கேக்கும்.