அது சளி அல்ல

கோவிட் சாவுகளைப் பற்றிய அந்தக் காணொளியை இதுவரை பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். இணைப்பைப் போடப்போவதில்லை, போட்டால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள். "நுரையீரல்ல வெறும் சளிதான் கட்டியிருந்துச்சு. அதை வெளியே எடுக்கத் தெரியாம ஆளை முடிச்சிட்டாங்க." அதில் பேசுபவர் சொல்லும் சேதி மொத்தமும் இவ்வளவுதான். அதையே ஒரு நண்பர் நேற்று என் பக்கத்துக்கு வந்து எழுதினார், அதுவும் கோவிட்டில் இறந்துபோன என் அண்ணன் படத்துக்குக் கீழே. இரவு தூக்கம் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

அது சளி அல்ல. இந்தப் பதிவில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சளி ஊறுவது மூச்சுக்குழாய்களில். அதைச் சுரக்கும் செல்களும் மேலே தள்ளிவிடும் நுண்ணிய ரோமங்களும் அங்கே இருக்கின்றன. இருமினால் வெளியே வரும், சரி. ஆனால் அந்தக் குழாய்கள் கிளைவிட்டுக் கிளைவிட்டுக் கடைசியில் போய் முடியும் இடம் வேறு. அங்கே இருப்பவை காற்று நுண்ணறைகள், 30 கோடி அளவில். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். உள்ளே இருக்கும் காற்றுக்கும் ஒட்டி ஓடும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர், மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரான்கூட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அங்கே சளிச் சுரப்பி இல்லை, ரோமம் இல்லை. எவ்வளவு பலமாக இருமினாலும் அந்த ஆழத்தில் சேர்ந்தது வெளியே வராது. ஆவி பிடித்தாலும் அந்தச் சூடும் ஈரமும் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும்.

கடுமையான கோவிட் போய் உட்கார்ந்தது அந்த நுண்ணறைகளில். அங்கே இரண்டு வகைச் செல்கள் உண்டு. முதல் வகை தட்டையானது, பரப்பில் ஏறக்குறைய 95 சதவீதத்தை மூடியிருப்பது அதுதான். இரண்டாம் வகைச் செல்லின் மேல் ஏசிஇ2 என்ற ஏற்பி இருக்கிறது. கொரோனா வைரஸின் கூர்ப்புரதம் அதைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. இந்த இரண்டாம் வகைக்கு இரண்டு முக்கியமான வேலைகள். முதல் வகை செத்தால் தான் பெருகி, உருமாறி அந்த இடத்தை நிரப்ப வேண்டும். சர்ஃபாக்டன்ட் என்ற ஒரு பொருளையும் சுரக்க வேண்டும். ஆக, இடிந்த சுவரைக் கட்ட வேண்டிய கொத்தனாரே முதலில் விழுந்துவிடுகிறார்.

சர்ஃபாக்டன்ட் என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஓர் இளம் மருத்துவர். 2021, இரவு இரண்டு மணி இருக்கும். நான் திரும்பத் திரும்ப "சளியை எடுக்க முடியாதா டாக்டர், குழாய் விட்டு உறிஞ்ச முடியாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆமாம், நானும் அதைத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு புதுக் கையுறையை எடுத்தார், உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொட்டினார், என் கையில் கொடுத்தார். "விரலைப் பிரிச்சுப் பாருங்கக்கா." இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கப் பிரிக்கத் திரும்ப ஒட்டியது. "தண்ணி இப்படித்தான் இழுத்துப் பிடிக்கும். ஒட்டவிடாம வச்சிருக்கறது அந்தப் பொருள். அண்ணனுக்கு அது குறைஞ்சுபோச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் இதைப் பிரிச்சாகணும்." குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததும் இதே பொருள் இல்லாமல்தான் என்பதை மேரி எலன் ஏவரி, ஜெரி மீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1959-இல் கண்டுபிடித்தார்கள். இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் எனக்குப் புரிந்தது அந்தக் கையுறையில்தான்.

அப்புறம் நடப்பதைத்தான் எல்லாரும் சளி என்று சொல்லிவிடுகிறார்கள். வைரஸை அழிக்க உடம்பின் எதிர்ப்புச் செல்கள் கூட்டமாக வருகின்றன, இன்னும் ஆட்களைக் கூப்பிடச் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் பொருட்களை அள்ளி விடுகின்றன. அந்தக் களேபரத்தில் பக்கத்தில் இருக்கும் தந்துகிகள் என்ற மிக மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து ஓட்டை விழுகிறது. ரத்தத்தில் இருக்கும் நீரும் புரதமும் கசிந்து நுண்ணறைக்குள் இறங்குகின்றன. செத்த செல்களும் ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளும் சேர்ந்து உட்சுவரில் ஒரு படலமாகப் படிகின்றன. தந்துகிகளுக்குள்ளே சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் வேறு. காற்று இருக்கும் இடத்தில் ரத்தம் போவதில்லை, ரத்தம் போகும் இடத்தில் காற்று இல்லை. வெளியிலிருந்து எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அது போய்ச் சேர வழியில்லாமல் ஆகிவிடுகிறது. இதற்கு ஏஆர்டிஎஸ், அதாவது கடும் மூச்சுத்திணறல் நோய்க்குறி, என்று பெயர். 1967-இல் ஆஷ்பா என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 12 நோயாளிகளைக் கவனித்து எழுதியதிலிருந்து மருத்துவம் இதை அறியும். நேற்று யாரோ கட்டிவிட்ட கதை அல்ல.

நம் அண்ணனோ அம்மாவோ மூழ்கியது அவரவர் ரத்தத்தின் நீரில். அதைச் சளி என்று சொல்லாதீர்கள்.

"சிலருக்குச் சளி அடைப்பும் இருந்ததே" என்பீர்கள். இருந்தது, மறுக்கவில்லை. அது வேறு, இது வேறு. "எனக்கும் வந்துச்சு, மூணு நாள்ல போயிடுச்சு" என்பவர்களுக்கு நல்லது, நன்றாக இருங்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

"வென்டிலேட்டர் போட்டதால்தான் செத்தார்கள்" என்பதற்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. இப்படிக் கெட்டுப்போன நுரையீரலில் திறந்திருக்கும் பகுதி கொஞ்சம்தான். முழு அளவு காற்றைத் தள்ளினால் அத்தனையும் அந்தக் கொஞ்சத்துக்குள் போய் அதையும் கிழிக்கும். 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒவ்வொரு மூச்சுக்கும் எடைக்கணக்கில் கிலோவுக்கு 12 மில்லி லிட்டர் வீதம் காற்றுக் கொடுத்தபோது நூற்றுக்கு 40 பேர் இறந்தார்கள், 6 மில்லி லிட்டராகக் குறைத்தபோது 31 பேர். மருத்துவர்களே கண்டுபிடித்து மருத்துவர்களே திருத்திக்கொண்ட தவறு அது. 2013-இல் இன்னோர் ஆய்வு வந்தது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களைக் குறைந்தது 16 மணி நேரம் தொடர்ந்து குப்புறப் படுக்கவைத்தார்கள். மல்லாந்து கிடந்தவர்களில் 33 சதவீதம் பேர் இறந்த இடத்தில், குப்புறப் படுத்தவர்களில் 16 சதவீதம் பேர்தான் இறந்தார்கள். வெறும் நம்பிக்கையில் எதையும் செய்யவில்லை, கணக்கெடுத்துப் பார்த்துத்தான் செய்தார்கள். என் அண்ணனையும் அப்படிப் படுக்கவைத்தார்கள். ஒருவரைக் குழாய்களோடு திருப்பிப் போட ஆறு பேர் வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒருவர் அண்ணனின் தலையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். அந்த ஆறு பேரைத்தான் நீங்கள் கொலைகாரர்கள் என்கிறீர்கள்.

இன்னும் ஒன்று. 2020-இல் டெக்சாமெத்தசோன் என்ற பழைய, விலை குறைந்த மருந்து, வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அது சளியைக் கரைக்கும் மருந்து அல்ல, அழற்சியை, அதாவது உடம்பின் அந்த எதிர்ப்புக் களேபரத்தை, அடக்கும் மருந்து. வெறும் சளிதான் காரணம் என்றால் அது எப்படிப் பலித்தது? இதற்கு அந்தக் காணொளிக்காரர் பதில் சொல்லட்டும்.

"நீங்க என்ன டாக்டரா?" என்று கேட்பீர்கள். இல்லை. எட்டாவது நாள் அண்ணனோடு தொலைபேசியில் பேசியவள். காய்ச்சல் விட்டுவிட்டது, குரல் தெளிவாக இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் கருவி 81 காட்டுகிறது என்றார், சிரித்துக்கொண்டே. "கெட்டுப்போச்சு போல, வேற வாங்கணும்." கருவி கெட்டுப்போகவில்லை. மூச்சு வாங்க வைப்பது பெரும்பாலும் உடம்பில் சேரும் கரியமில வாயுதான், ஆக்சிஜன் குறைவு அல்ல. கரியமில வாயு ஆக்சிஜனைவிட 20 மடங்கு எளிதாகச் சுவரைத் தாண்டிவிடும். அதனால் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும், ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. "சரிண்ணா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொன்னேன்.

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

இவ்வளவு கோபம் எதற்கு, ஒரு காணொளிதானே, கடந்து போகலாமே என்று உள்பெட்டியில் கேட்டீர்கள். சொல்கிறேன். அந்தக் காணொளி அண்ணன் மகளின் கைபேசிக்கும் போயிருக்கிறது. அவளுக்குப் பதினான்கு வயது. முந்தாநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, அப்பா வீட்ல இருந்தப்ப இருமினாருல்ல? நான் தூங்க முடியலன்னு கத்தினேன். அதனால அடக்கிக்கிட்டாரா? நல்லா இருமியிருந்தா எல்லாம் வெளிய வந்திருக்குமா?"

எத்தனை நாளாக இதை மனசுக்குள் வைத்திருந்தாளோ தெரியவில்லை. பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். எனக்காக வேண்டாம், இப்படிக் கேட்கும் பிள்ளைகள் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறார்களோ.

அவளுக்கு நுரையீரலை வரைந்து காட்டினேன். சளி எதுவரைக்கும், அப்பாவுக்கு நடந்தது எங்கே என்று கோடு போட்டுக் காட்டினேன். தலையாட்டினாள், நம்பவில்லை. எழுந்துபோய் ஒரு கையுறையை எடுத்து, தண்ணீர் விட்டுக் கொட்டி, அவள் கையில் கொடுத்தேன். ஒரு விரலைப் பிரித்தாள், ஒட்டிக்கொண்டது. அடுத்ததைப் பிரித்தாள். கையுறை காய்கிறவரை ஒன்றுமே பேசாமல் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.